வேலையோடு வளரும் நட்பு: ஆட்டிசம் உள்ள வயதுவந்தோர் தோட்டப்புறத்திலும் கம்பத்திலும் பழகும் முறை

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே அமையும் நரம்பு வளர்ச்சி வேறுபாடு ஆகும். ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மூளை வாங்கிக்கொள்ளும் விதத்திலும், கவனம் ஒன்றின்மீது நிலைக்கும் விதத்திலும், சொல்லாலும் முகக்குறிப்பாலும் பிறரோடு கருத்துப் பரிமாறும் விதத்திலும் அது வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. 1943ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுவதால், ஆட்டிசம் குழந்தைப் பருவத்துக்கு உரியது என்ற எண்ணம் அன்றிலிருந்தே வேரூன்றிவிட்டது. தமிழில் வெளிவந்துள்ள நூல்களிலும் பெரும்பாலானவை பெற்றோருக்கும் சிறப்பாசிரியருக்கும் உரியவையாகவே உள்ளன. குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள், ஆனால் மலேசியாவின் புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ வேலைக்குப் போய்வரும் முப்பது வயதுக்காரர் ஒருவர், மாலையில் யாரோடு பேசுவது, எப்படிப் பேசத் தொடங்குவது, பேசியபின் அந்தப் பழக்கத்தை எப்படி நிலைக்கச் செய்வது என்று தேடினால், அவருக்கென்று எழுதப்பட்ட பக்கம் ஒன்றுகூடக் கிடைப்பது அரிது. இந்த அத்தியாயம் அவருக்காகவும், அவரோடு பழக விரும்புகிறவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

குவாலா சிலாங்கூர் மாவட்டத்துக் கம்போங் குவாந்தானையும், அதைச் சுற்றி வடசிலாங்கூரில் பரந்து கிடக்கும் தோட்டங்களையும் மனத்தில் கொண்டே இங்கு எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன. மாநகரில் வாழும் ஒருவர், தம்மைப் போன்றோர் பத்துப் பேரை ஒரு பேரங்காடியின் காப்பிக் கடையில் சந்திக்க முடியும். தோட்டப்புறத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் மாநகரத்தில் இல்லாத வேறு சில வாய்ப்புகள் இங்கு உண்டு, அவை சரியாகப் பயன்படுத்தப்படாமல் கிடக்கின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படைக் கருத்து.

குறை ஒருபக்கத்தது அன்று

ஆட்டிசம் உடையவருக்குப் பிறர் மனம் புரியாது, ஆகவே அவருக்கு நட்பில் நாட்டம் இல்லை என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. இக்கூற்றின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் பொய்; நட்பை விரும்பியும் அதை அடையும் வழி தெரியாமல் தனித்துப் போனவர்களே மிகுதி. முதற்பகுதியும் பாதி உண்மைதான் என்பதை, தாமும் ஆட்டிசம் உடையவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. அவர் முன்வைத்த கருத்தை இருபக்கப் புரிதல் இடைவெளி என்று தமிழில் வழங்கலாம். ஆட்டிசம் உடையவருக்கு மற்றவரைப் புரிந்துகொள்வதில் எவ்வளவு இடர்ப்பாடு உண்டோ, அதே அளவு இடர்ப்பாடு மற்றவருக்கு ஆட்டிசம் உடையவரைப் புரிந்துகொள்வதிலும் உண்டு; எண்ணிக்கையில் மிகுந்தவர்களின் முறை இயல்பு எனவும் குறைந்தவர்களின் முறை கோளாறு எனவும் பெயர் பெற்றுவிட்டது என்பதே அதன் சாரம்.

2020இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் கேத்தரின் கிராம்ப்டனும் அவர் குழுவினரும் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு வலுச் சேர்த்தது. ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்கும், அவர் அதற்கடுத்தவருக்கும் சொல்லிக்கொண்டே போகும்படி வரிசைகள் அமைக்கப்பட்டன. ஆட்டிசம் உடையோர் மட்டுமே இருந்த வரிசையிலும், ஆட்டிசம் இல்லாதோர் மட்டுமே இருந்த வரிசையிலும் செய்தி ஏறத்தாழ ஒரே அளவில் தங்கியது. இருவகையினரும் கலந்திருந்த வரிசையிலேதான் செய்தி விரைவாகத் தேய்ந்தது. ஆகவே பழுது ஆளில் இல்லை, இருவருக்கும் இடையே உள்ள இணைப்பில் இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் பலவும் ஆட்டிசம் உடையவரை மட்டும் பயிற்றுவிக்க முயல்வது இதனால்தான் பாதிப் பயனோடு நின்றுவிடுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, பிறர் சிரிக்கும்போது சிரி என்று பழக்கப்படுத்தப்பட்டவர், தம் இயல்பை மறைத்து நடிக்கக் கற்றுக்கொள்கிறார். முகமூடி அணிதல் என்று குறிக்கப்படும் இந்நடிப்பு, சில மணி நேரத்துக்குக் கைகொடுத்தாலும், பின்னர் கடும் களைப்பையும் மனச்சோர்வையும் தருவதாக ஆட்டிசம் உடைய வயதுவந்தோர் பலரும் தொடர்ந்து கூறிவருகின்றனர். நடித்துப் பெற்ற நட்பைக் காப்பாற்ற நடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய துன்பம்.

தோட்டம் தந்ததும் இழந்ததும்

1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு நடப்பட்ட முதல் செம்பனை அது. அதற்கு முன்பும் பின்பும் இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் கித்தா மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் வாழ்ந்த தமிழர்களின் சமூக வாழ்வை, ஆட்டிசம் உடையவரின் கண்கொண்டு ஒருமுறை நோக்குவது பயனுள்ளது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். ஒவ்வொருவருக்கும் இன்ன நிரை, இன்ன வேலை என்று குறிக்கப்படும். லயத்து வீடுகளில் யார் எங்கே குடியிருக்கிறார் என்பது ஆண்டுக்கணக்கில் மாறாது. ஆண்டுத் திருவிழா, சம்பள நாள், பந்து விளையாட்டு, தோட்டத்துத் திரைப்படம் ஆகிய எல்லாவற்றுக்கும் நாளும் இடமும் முன்னரே தெரியும். அதிகம் பேசாதவர், ஒரே பாதையில் மட்டும் நடப்பவர், மாட்டு மணியோசை கேட்டே எவர் வீட்டு மாடு என்று சொல்லக்கூடியவர் ஆகியோருக்கு அங்கே ஒரு பட்டப்பெயரும் இருந்தது, ஒரு வேலையும் இருந்தது. அந்தப் பட்டப்பெயர் எப்போதும் அன்பானதாக இருந்தது என்று சொல்ல முடியாது. கங்காணியின் அதிகாரத்தையும் வறுமையையும் மறந்து அக்காலத்தைப் பொற்காலமாக்குவதும் நேர்மை ஆகாது. ஆயினும் ஒருவர் பிறரோடு சேர்ந்திருப்பதற்குப் பேச்சுத் திறமை நுழைவுச்சீட்டாகக் கேட்கப்படவில்லை என்பது உண்மை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டும், வெளிநாட்டுத் தொழிலாளரிடம் வேலை கைமாறியும் போனபோது, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். அண்டை வீட்டார் யார் என்பதையே புதிதாகக் கேட்டறிய வேண்டிய அந்தச் சூழலில், பேசத் தெரிந்தவர் புதிய உறவுகளைத் தேடிக்கொண்டார். பேச்சு எளிதாக வராதவர் அறைக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் ஒதுங்கினார். இழந்தது பழைய லயம் அன்று. முன்கூட்டியே தெரிந்த நேரமும், தனக்கென ஒரு பொறுப்பும், பக்கத்தில் இன்னொருவரும் இருந்த அந்த அமைப்பு. அதைச் சிறிய அளவில் மீண்டும் உண்டாக்கிக்கொள்வதே இங்கு பரிந்துரைக்கப்படும் வழி.

பேச்சுக்கு முன் பொறுப்பு

டைனா மர்ரே, மைக் லெசர், வெண்டி லாசன் ஆகியோர் 2005இல் விளக்கிய ஒருமுனைக் கவனம் என்ற கருத்து இங்கே துணைசெய்யும். பெரும்பாலோரின் கவனம் ஒரே நேரத்தில் பலவற்றின்மீது மெல்லியதாகப் பரவியிருக்க, ஆட்டிசம் உடையவரின் கவனம் ஒன்றின்மீதே ஆழமாகக் குவிகிறது என்பது அவர்களின் விளக்கம். பலர் சூழ நின்று, பேசுபவர் முகத்தையும் பார்த்து, பின்னணி ஓசையையும் ஒதுக்கி, அடுத்து என்ன சொல்வது என்றும் எண்ணிக்கொண்டிருக்கும் விருந்துக்கூடம், ஒருமுனைக் கவனம் உடையவருக்கு மிகக் கடினமான இடம். ஒரு வேலையில் இருவர் கைகோத்து நிற்கும்போதோ, கவனம் அவ்வேலையில் குவிகிறது, பேச்சு அதைப் பற்றியே எழுகிறது, பேச்சு நின்றால் வேலை அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது.

எனவே ‘எங்கே போனால் மனிதர்களைச் சந்திக்கலாம்’ என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, ‘எந்த இடத்தில் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளலாம்’ என்று தேடுவது நல்லது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுமனே கூட்டத்தில் நிற்பவருக்கு உறுமி மேளமும், ஒலிபெருக்கியும், கற்பூரப் புகையும், முதுகில் உரசிச் செல்லும் ஆட்களும் சில நிமிடங்களிலேயே தாங்க முடியாதவை ஆகலாம். அதே திருவிழாவுக்கு முதல்நாள் மாலையில் அன்னதானக் கொட்டகையில் காய் நறுக்க உட்காருபவரின் நிலை வேறு. தரையில் விரித்த சாக்கின்மேல் பூசணியும் கத்தரிக்காயும் குவிந்திருக்கும். ஆளுக்கொரு கத்தி, ஆளுக்கொரு பலகை. எதிரில் இருப்பவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, எல்லார் பார்வையும் கத்திமுனையிலேயே இருக்கும். சாம்பாருக்கு எந்த அளவில் நறுக்குவது, போன ஆண்டு எத்தனை மூட்டை அரிசி வடித்தது என்பதே பேச்சு. இரண்டு மணி நேரம் அங்கே இருந்து பத்து வாக்கியம் மட்டுமே பேசியவரையும் அடுத்த ஆண்டு ‘தம்பி வந்தாச்சா’ என்று தேடுவார்கள். அர்ச்சனைச் சீட்டு எழுதுதல், நன்கொடைக் கணக்கைப் பதிதல், பிரசாதப் பொட்டலம் கட்டுதல், வாகனம் நிறுத்தும் இடத்தைக் கவனித்தல் முதலியவையும் இத்தகையவை. இவற்றில் சீட்டு எழுதும் வேலையில் மட்டும், வரிசையில் வருவோர் அவசரப்படுத்துவர் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்து ஏற்க வேண்டும்.

குடியிருப்பில் நடைபெறும் கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுத் துப்புரவுப் பணியும், பந்தாட்டக் குழுவின் ஆட்டக் குறிப்பேட்டை வைத்திருக்கும் பொறுப்பும், தமிழ்ப்பள்ளி நூலகத்தைச் சீர்செய்யும் தொண்டும் இதே வகையைச் சார்ந்தவை. பறவைகளிலோ அலையாத்திக் காடுகளிலோ நாட்டம் உள்ளவருக்கு, 1987இல் அமைக்கப்பட்ட குவாலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா அருகிலேயே இருக்கிறது. தொலைநோக்கியும் குறிப்பேடும் வைத்திருப்பவரிடம் ‘அது என்ன பறவை’ என்று கேட்பது, ஊர்ப்பெயர் கேட்டுப் பேச்சைத் தொடங்குவதைவிடப் பன்மடங்கு எளிது. ஆழ்ந்த நாட்டங்களை விசித்திரம் என்று மறைத்துவைக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் பலர். ஒருவரது தொடர்வண்டி அட்டவணை அறிவையும், பழைய திரைப்பாடல் நினைவையும், செம்பனை நோய்களைப் பற்றிய தேர்ச்சியையும் மறைத்துவிட்டால், அவரை நாடி வருவதற்குப் பிறருக்கு என்ன வழி இருக்கும்?

ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், பல முறை போவது இன்றியமையாதது. முதல் சந்திப்பிலேயே நட்பு அமையும் என்ற எதிர்பார்ப்பைக் கைவிட வேண்டும்; ஆட்டிசம் உடையவரைச் சில நொடிகள் பார்த்தவுடன் அந்நியர் கொள்ளும் மனப்பதிவு பெரும்பாலும் சாதகமாக இருப்பதில்லை என்று நோவா சாசனும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவ்வாய்விலேயே, ஆட்டிசம் உடையவர் பேசியது எழுத்து வடிவில் மட்டும் தரப்பட்டபோது அந்தப் பாதகமான மனப்பதிவு மறைந்துபோனது. பேச்சின் பொருளில் குறை இல்லை. குரலும் உடலசைவும் பழகாதவை என்பதே காரணம். பழக்கம் ஏற்பட ஏற்பட அந்த அந்நியத்தன்மை தேயும். அதற்கு வேண்டியது காலம்.

படகில் நால்வர்

கம்போங் குவாந்தான் உலகறிந்தது மின்மினிகளால். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் கூடும் இம்மின்மினிகளில் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைக் காண இரவில் துடுப்புப் படகுகளில் மக்கள் செல்கின்றனர். அருகிலேயே இதைக் காணும் வாய்ப்பை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள், விருந்தினர் வந்தால் அன்றி அந்தத் துறைக்குப் போவதில்லை. ஆனால் ஆட்டிசம் உடையவர் புதிய நண்பர் ஒருவரோடு முதன்முதலாக வெளியே செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இவ்வட்டாரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு படகில் நால்வர் அளவே ஏறுவர். இயந்திர ஓசை இல்லை. மெல்லப் பேசுவதும், ஒளிப்பளிச்சுடன் படம் எடுக்காமல் இருப்பதும் எல்லாருக்கும் உரிய நடைமுறை. இருட்டில் எவரும் எவர் கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே திசையில் மரங்களைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். பயணத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பேசாமல் இருப்பதே இங்கு நன்னடத்தை.

எனினும் முன்தயாரிப்பு வேண்டும். உயிர்காப்பு மேலங்கியின் இறுக்கமும் ஈரமணமும் சிலருக்கு ஒவ்வாது, படகில் ஏறும் கணத்து ஆட்டம் அச்சம் தரலாம், கொசு உண்டு, மழை வந்தால் பயணம் நின்றுபோகலாம். பகலில் ஒருமுறை துறைக்குப் போய்ப் படிக்கட்டையும் படகையும் பார்த்துவைப்பதும், மழை பெய்தால் பதிலாக என்ன செய்வது என்று முன்னரே பேசிவைப்பதும், வார இறுதிக் கூட்டத்தைத் தவிர்த்து வேலைநாளைத் தேர்வதும் பெரும்பகுதிச் சிக்கலைத் தீர்க்கும். பயணம் முடிந்தபின் பாசிர் பெனாம்பாங்கின் மீன் உணவகத்துக்கும் போகலாம் என்று யாராவது அந்த நேரத்தில் திட்டத்தை நீட்டினால், மறுப்பதற்கு ஒரு வாக்கியத்தை முன்பே வைத்திருப்பது நலம்: ‘இன்னைக்கு எனக்கு இது போதும். ரொம்ப நல்லா இருந்துச்சு. அடுத்த மாசம் மறுபடி வருவோமா?’ மறுப்பும், மகிழ்ச்சியும், அடுத்த நாளும் ஒன்றாகச் சொல்லப்படுவதால் மற்றவர் தாம் ஒதுக்கப்பட்டதாக எண்ண மாட்டார்.

சொல்லுக்குள் இருக்கும் வேறு பொருள்

சொன்னதைச் சொன்னபடியே பொருள்கொள்ளும் இயல்பு ஆட்டிசம் உடையோர் பலரிடம் உண்டு. தமிழர் பேச்சு வழக்கிலோ சொல்லும் பொருளும் பிரிந்து நிற்கும் இடங்கள் ஏராளம். ‘சாப்பிட்டாச்சா?’ என்பது வணக்கம். என்ன சாப்பிட்டோம் என்ற விவரத்தை அது கேட்கவில்லை. ‘ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க’ என்பது நல்லெண்ணத்தின் அடையாளம். நாளும் நேரமும் சொல்லப்பட்டால்தான் அது அழைப்பு. ‘பார்க்கலாம்’ என்பது பெரும்பாலும் மறுப்பு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க’ என்று மூன்று முறை சொல்வது உபசாரம். மூன்று முறையும் ஏற்க வேண்டும் என்பதில்லை, ‘போதும் அத்தை, வயிறு நிறைஞ்சிருச்சு’ என்று இருமுறை சொன்னால் போதுமானது. ‘தம்பி, எப்ப கல்யாணச் சாப்பாடு போடப் போறே?’ என்ற கேள்வி உள்ளே குத்தினாலும், கேட்பவர் பெரும்பாலும் வேறு பேச்சு தெரியாமலே கேட்கிறார். ‘அமைஞ்சா உங்களுக்குச் சொல்லாமலா அத்தை? உங்க பேரப்பிள்ளை இப்ப எந்த வகுப்பு?’ என்று கேள்வியைத் திருப்பிவிடும் விடையை மனனம் செய்துவைப்பதில் தவறே இல்லை. மேலும், இந்நாட்டில் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து ஓடுவதால், புரிந்துகொள்ளச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் ஒருவர், ‘மெதுவா ஒரு தடவை சொல்லுங்க’ என்று கேட்பது உரிமை.

கேலிக்கும் கொடுமைக்கும் உள்ள எல்லையை அறிவதே இவற்றுள் மிகக் கடினமானது. தோட்டப்புற நட்பில் கிண்டல் அன்பின் வடிவாகவும் வரும், இழிவின் வடிவாகவும் வரும். கேலி செய்பவர் தம்மைப் பிறர் கேலி செய்யும்போதும் சிரிக்கிறாரா, கூட்டத்தில் எல்லாரும் மாறிமாறிக் கேலிக்கு ஆளாகிறார்களா, ‘இது வேண்டாண்ணே’ என்று ஒருமுறை சொன்னதும் நிறுத்துகிறாரா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் இல்லை என்ற விடை வந்தால் அது நட்பு அன்று. அங்கிருந்து விலகுவதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை.

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். குழுவில் செய்திகள் வெள்ளமாக வருவதால் அங்கே பேச முயல்வதைவிட, குழுவில் உள்ள ஒருவருக்குத் தனியே எழுதுவது மேலானது. எழுத்தில் சிந்திக்க நேரம் கிடைக்கிறது. விடை வராவிட்டால் சில நாள் கழித்து ஒரு முறை மட்டும் மீண்டும் எழுதிப் பார்க்கலாம்; அதற்கும் விடை இல்லையெனில் நிறுத்திவிடுவது இருவருக்கும் நல்லது.

சொல்வதா, மறைப்பதா

தமக்கு ஆட்டிசம் உள்ளது என்பதை நண்பரிடம் கூறுவதா என்பது ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டியது. மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அடிப்படையில் சமூக நல இலாகா வழங்கும் ஓகேயு அட்டையைப் பெறுவது விருப்பத்தின்பாற்பட்டது. ஆட்டிசம் அதில் கற்றல் சிக்கல் என்ற பிரிவில் பதியப்படுகிறது. அந்த அட்டை வேலைவாய்ப்புக்கும் உதவித்தொகைக்கும் துணையாகலாம். நட்புக்கு அது தேவையில்லை. உறுதிப்பாடு வேண்டுவோர் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பேசி, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

நண்பரிடம் பெயரைச் சொல்வதைவிடத் தேவையைச் சொல்வது முதற்படியில் எளிது. ‘அண்ணே, எனக்கு ரொம்ப சத்தம் ஆகாது. பத்து நிமிஷம் வெளியே நின்னுட்டு வர்றேன், கோவிச்சிக்காதீங்க’ என்ற வாக்கியத்தைப் புரிந்துகொள்ள யாருக்கும் மருத்துவ அறிவு வேண்டியதில்லை. அதைக் கேட்டு ‘சரிப்பா, போய்ட்டு வா’ என்று சொல்பவரிடமே அடுத்தபடியாக ஆட்டிசத்தைப் பற்றிப் பேசலாம். தம்மைப் போன்றோரின் துணையும் வேண்டும் என்பதை மேற்கூறிய எடின்பரோ ஆய்வு உணர்த்துகிறது. வயது வந்த பிறகு உறுதிப்பாடு பெற்ற ஆவணப்பட இயக்குநர் பியாட்ரிஸ் லியோங் போன்றோர் இந்நாட்டிலேயே வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருப்பதால், தொலைவில் இருந்தாலும் இணையவழியில் அத்தகையோரைக் கண்டடைவது முன்னைவிட எளிதாகியுள்ளது.

பணம் கேட்கும் நட்பு

நட்புக்கு ஏங்குகிறவரை ஏய்ப்பது எளிது என்பதால் இப்பகுதி ஒளிவுமறைவின்றி எழுதப்படுகிறது. சிறு கடன் வாங்குவதும் கொடுப்பதும் தோட்டப்புற வழக்கம்; பத்து வெள்ளியைத் திருப்பித் தராதவரிடம் அடுத்த முறை கொடுக்காமல் விடுவதோடு அது முடிந்துவிடும். ஆனால் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் ‘ரெண்டு நாளைக்கு மட்டும் கொடு’ என்று கேட்பவரும், அடையாள அட்டையைக் கொண்டு கைப்பேசி இணைப்பு எடுத்துத் தரச் சொல்பவரும், கடனுக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்பவரும் நண்பர் அல்லர். மோசடிப் பணம் புகுந்து வெளியேறுவதற்கு இரவல் தரப்படும் கணக்கை மலேசியாவில் கழுதைக் கணக்கு என்பர். அதன் உரிமையாளர் தாம் ஏதும் அறியேன் என்று சொன்னாலும் காவல்துறை விசாரணைக்கும் வழக்குக்கும் உள்ளாக நேரும். இத்தகைய ஒன்றில் சிக்கிக்கொண்டதாக ஐயம் எழுந்தால் உடனே வங்கியையோ, மோசடிகளுக்கான தேசிய மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். ‘எங்க வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்ற ஒரே விடையை எல்லாப் பண வேண்டுகோளுக்கும் வழக்கமாக்கிக்கொள்வது சிறந்த காவல்.

பெண்களும் குடும்பமும்

ஆட்டிசம் உடைய பெண்கள் அடையாளம் காணப்படாமலே பெரியவர்களாகிவிடுவது பல நாடுகளிலும் காணப்படுகிறது. பேசாத ஆண்பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் குடும்பம், பேசாத பெண்ணை அடக்கமானவள் என்று பாராட்டிவிடுகிறது. அந்தப் பாராட்டுக்குள்ளே அவளுடைய தனிமை புதைந்துபோகிறது. இரவில் வெளியே செல்லத் தடையும், தனியே பேருந்தில் போகத் தயக்கமும் உள்ள வீடுகளில், பூத்தொடுத்தல், கோலம், தேவார வகுப்பு, தையல் ஆகியவற்றை ஒட்டிய பெண்கள் கூட்டங்களே நடைமுறையில் கிட்டக்கூடியவை. அவை சிறியவை, கைவேலையை மையமாகக் கொண்டவை, நேரம் குறித்தவை என்பதால் பொருத்தமானவையும்கூட. ஆயினும் அவற்றோடு நிறுத்திவிடாமல், அவர் விரும்பும் வேறு துறை எதுவோ அதற்கான வழியையும் குடும்பம் திறந்துவிட வேண்டும். கணினி விளையாட்டிலோ வானியலிலோ நாட்டமுள்ள பெண்ணைப் பூத்தொடுக்க மட்டும் அனுப்புவது அவரை மீண்டும் நடிக்க வைப்பதே ஆகும்.

கானர் எழுதிய 11 குழந்தைகளில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட டானல்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்டில் வங்கி வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, பல நாடுகளுக்குப் பயணம் செய்து, 2023இல் 89 வயதில் மறைந்தார். அவர் குடும்பம் வசதி மிக்கது, அந்த வங்கியே அவர்கள் குடும்பத்துக்கு உரியது என்பதால், அவர் வாழ்வை அப்படியே தோட்டப்புறத்துக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அவ்வூரார் அவரை அவருடைய பழக்கங்களோடு அறிந்திருந்தனர், அவற்றை மாற்ற முயலாமல் அவரோடு பழகினர் என்பது பொருத்தக்கூடியது. ஒரு சிற்றூர் தன் ஆளைத் தன் ஆளாகக் கொள்வதற்குப் பெரும் செலவு ஏதும் இல்லை.

அத்தகைய ஊரில் நண்பராக இருக்க விரும்புகிறவர், சந்திக்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். யார் யார் வருகிறார்கள் என்று முன்பே அறிவிக்க வேண்டும். திட்டம் மாறினால் மாறியவுடன் சொல்ல வேண்டும். கோபம் இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வாயால் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை வரச் சற்றுக் காத்திருக்க வேண்டும். பெற்றோரின் பங்கு இன்னும் கடினமானது. மகனை நோக்கிக் கேட்கப்படும் கேள்விக்குத் தாய் விடை சொல்வதும், நாற்பது வயது மகளை ‘பாப்பா’ என்று பிறர்முன் அழைப்பதும், சந்திப்பு நடக்கும் மேசையிலேயே கூட அமர்ந்துகொள்வதும் அன்பினால் செய்யப்படுபவைதாம்; ஆனால் அந்த மேசையில் இன்னொருவரோடு நட்புக்கொள்ள இடம் இருக்காது. துணைக்கு வருவது தேவையெனில், பெற்றோர் கோயில் வாசலிலோ எதிர்ப்புறத்துக் காப்பிக் கடையிலோ காத்திருந்து, மகனோ மகளோ குறித்துச் சொன்ன நேரத்தில் வரலாம். அதற்கு முன் வர வேண்டியிருந்தால் அழைக்க ஒரு சொல்லையும், புலனத்தில் அனுப்ப ஒரு குறியையும் முன்னரே பேசி வைத்துக்கொண்டால் போதும். மறுநாளை ஓய்வு நாளாக விட்டுவைத்து, எப்படி இருந்தது என்ற கேள்வியை அவராகப் பேசும்வரை கேட்காமல் இருப்பதும் இத்திட்டத்தின் பகுதியே.